எதை வாங்கினால் டோன் மாறும்? எலெக்ட்ரிக் கிதார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிதார் வகுப்பிலும் ஒத்திகை அறையிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. டோன் என்று நாங்கள் சொல்வது கிதார் ஒலியின் குணத்தை. எலெக்ட்ரிக் கிதாரை மட்டும் மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். அக்கூஸ்டிக் கிதாரில் மரமும் பெட்டியும் செய்கிற வேலையே வேறு. அங்கே பொருந்துவதை இங்கே கொண்டுவந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கையில் நல்ல கிதார் இருக்கும்போதே அடுத்ததன் மேல் ஆசை வருகிறது. எல்லோருக்கும் இப்படித்தானா?

எல்லோருக்கும்தான். ஸ்டீலி டேன் குழுவின் வால்டர் பெக்கரே 1990களில் இதைப் பற்றி ஒரு கிதார் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. பார்க்க அழகான கிதார் பக்கத்தில் இருந்தால் எடுத்து வாசிக்கத் தோன்றும், வாசிக்க வாசிக்கக் கை பழகும். ‘என் டோன் சரியில்லை, அதனால் இதை வாங்குகிறேன்’ என்று கிளம்பும்போதுதான் சிக்கல். டோன் கெட்டதற்குக் காரணம் ஓரிடத்தில் இருக்கும், பணம் வேறோர் இடத்தில் போய் விழும். அந்தக் காரணம் எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால், ஆசைக்கு வாங்குவதை நிம்மதியாக ஆசைக்காகவே வாங்கலாம்.

அப்படியானால் ஒலி எங்கிருந்துதான் வருகிறது?

ஸ்ட்ரிங்குகளுக்குக் கீழே உடலில் பதித்திருக்கும் பிக்கப்புக்குள் ஒரு காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செம்புக் கம்பியும் இருக்கின்றன. ஸ்ட்ரிங் இரும்பு கலந்தது, காந்தத்துக்கு மேலே அது அதிரும்போது செம்புச் சுருளில் மின்னழுத்தம் உண்டாகிறது. பள்ளியில் படித்த ஃபாரடே விதிதான். அந்த மின்சாரம் வால்யூம், டோன் திருகுகள் வழியாகக் கேபிளுக்கு வந்து, ஒலியை மாற்றக் காலால் அழுத்தும் பெடல்களைத் தாண்டி, ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) பெருகி, கடைசியில் ஸ்பீக்கரில் ஒலியாகிறது.

ஸ்ட்ரிங்கில் தொடங்கி ஸ்பீக்கரில் முடியும் இந்த வரிசையை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சாமானைப் பற்றிப் பேச்சு வந்தாலும், இந்த வழியில் அது எங்கே நிற்கிறது, என்ன செய்கிறது என்று கேட்டால் பாதி விவாதம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மரம் டோனை மாற்றுமா? மஹாகனி ‘வெதுவெதுப்பு’, மேப்பிள் ‘பளிச்’ என்கிறார்களே?

அதிகம் சண்டை நடக்கிற கேள்வி இது. என் பதில்: மாற்றும், ஆனால் மிக மிகக் கொஞ்சம். கேட்பவர் காதில் விழும் வேறுபாட்டில் மரத்தின் பங்கு கடைசி வரிசையில்தான் வரும்.

‘லெஸ் பால் கனமாக ஒலிக்கிறது, ஸ்ட்ராட் மெல்லிசாக ஒலிக்கிறது, அது மரத்தின் வேலை’ என்று வாதாடுவார்கள். கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால், ஃபென்டரின் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்), இந்த இரண்டு கிதாருக்கும் நடுவே மரத்தைத் தவிர வேறு என்னென்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். லெஸ் பாலில் இரட்டைச் சுருள் ஹம்பக்கர், ஸ்ட்ராட்டில் ஒற்றைச் சுருள். ஸ்ட்ரிங்கின் அதிரும் நீளம் கிப்சனில் 24.75 அங்குலம் என்பார்கள், ஃபென்டரில் 25.5 அங்குலம். பிக்கப் பொருத்தியிருக்கும் இடம் வேறு, பிரிட்ஜ் வேறு, திருகுகளின் மதிப்பு வேறு. இவ்வளவையும் விட்டுவிட்டு மரத்துக்கு மட்டும் பட்டம் கட்டுவது நியாயமில்லை.

வரலாறும் இதையே சொல்கிறது. அந்தக் கிதாருக்குத் தன் பெயரைத் தந்த கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் ஒரு பைன் கட்டையில் பிக்கப்பும் ஸ்ட்ரிங்கும் மாட்டி ‘லாக்’ என்ற கிதாரைச் செய்தார். வெறும் கட்டையாக மேடையில் எடுபடவில்லை என்று, வேறொரு கிதாரின் உடலை இரண்டாக அறுத்து இருபுறமும் ஒட்டினார். அந்தச் சிறகுகள் கண்ணுக்காக ஒட்டியவை. ஆம்பெக் நிறுவனம் 1969இல் டேன் ஆம்ஸ்ட்ராங் வடிவமைத்த கண்ணாடி போன்ற அக்ரிலிக் கிதாரை விற்றது, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மேடையில் வாசித்தார். குயின் குழுவின் பிரையன் மே தன் தந்தையோடு சேர்ந்து 1963இல் செய்யத் தொடங்கிய கிதாரின் கழுத்து, பழைய கணப்படுப்பு ஒன்றின் மரச்சட்டம். அவர் டோனை யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை.

சமீபத்தில் நாஷ்வில் கிதார் கலைஞர் ஜிம் லில் இதைக் கடைசிவரை போய்ப் பார்த்தார். உடலும் இல்லை, கழுத்தும் இல்லை. ஒரு மேசைக்கும் அலமாரிக்கும் நடுவே ஸ்ட்ரிங்குகளை இழுத்துக் கட்டி, அதே நீளம், அதே இடத்தில் பிக்கப் என்று வைத்து வாசித்துப் பதிவு செய்தார். கேட்டால் ஃபென்டரின் டெலிகாஸ்டர் கிதார் போலவே ஒலிக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஃபென்டர் பேஸ் கிதார்களில் ஜி ஸ்ட்ரிங்கில் 5ஆம் ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) 7ஆம் ஃப்ரெட் வரை எங்கோ ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்துவிடும். கழுத்தின் சொந்த அதிர்வு அந்தச் சுரத்தின் சக்தியை உறிஞ்சிக்கொள்வதால் வருவது அது. ஆக, ஒரு சுரம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை மரம் தொடுகிறது. ஆனால் ‘இந்த மரம் என்றால் இந்த டோன்’ என்று விலைப்பட்டியலில் எழுதுகிற அளவுக்கு அது நடப்பதில்லை. எடை, சமநிலை, கழுத்தின் வழவழப்பு இவற்றுக்காக மரத்தைத் தேர்ந்தெடுங்கள். கையில் சுகமாக இருக்கிற கிதாரைத்தான் அதிக நேரம் வாசிப்போம்.

நிறைய கிதார்களின் விரல்பலகை நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். 2017இல் அந்த மரக் குடும்பம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் நிறைய நிறுவனங்கள் வேறு மரங்களுக்கு மாறின. வாசித்தவர்கள் டோனில் இழந்தது ஒன்றுமில்லை.

பிக்கப் மாற்றினால்?

இது நிஜமாகவே மாற்றும். ஒற்றைச் சுருள் பிக்கப் பளிச்சென்று, ஒவ்வொரு மீட்டலும் தனித்தனியாகக் கேட்கும். கூடவே மின்சார இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர், இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இரைச்சலைத் தனக்குத் தானே அடித்துக்கொள்ள வைக்கிறது. ஸ்ட்ரிங்கின் ஒலி மட்டும் கூடுகிறது. 1957 முதல் அது லெஸ் பாலில் வந்தது.

ஆனால் பிக்கப்பைத் தனியாகப் பார்த்தால் போதாது. சுருளுக்கு ஒரு தூண்டல் மதிப்பு உண்டு, கேபிளுக்கு ஒரு மின்தேக்கு மதிப்பு உண்டு. இரண்டும் சேர்ந்து ஏதோ ஓர் அலைவெண்ணில் மேடு கட்டும், அதற்கு மேல் எல்லாம் சரிந்துவிடும். ஸ்ட்ராட் பிக்கப் ஒன்றுக்குச் சுமார் 2.4 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். மொத்த மின்தேக்கு 500 பிக்கோஃபாரட் என்றால் மேடு 4,600 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். அதையே 1,000 ஆக்கினால் 3,250க்கு இறங்கிவிடும். ‘பளிச்’ போய் ‘மந்தம்’ வந்துவிட்டது என்று நாம் சொல்வது இந்த இறக்கத்தைத்தான்.

வால்யூம் திருகும் இதில் பங்காளி. ஒற்றைச் சுருளுக்கு வழக்கமாக 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. ஹம்பக்கர் கிதாரில் 250 போட்டிருந்தால் உச்ச ஒலிகள் மழுங்கும். விலை உயர்ந்த பிக்கப்பை வாங்குவதற்கு முன்னால் இதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், திருகு மலிவு. டோன் கெப்பாசிட்டரைப் பொறுத்தவரை, ஒரே மதிப்பு என்றால் எண்ணெய்க் காகிதம் போட்டதா, ஆரஞ்சு நிறமா என்பது காதுக்குத் தெரியாது. அதில் பணம் போட வேண்டாம்.

செலவே இல்லாமல் ஏதாவது செய்ய முடியுமா?

பிக்கப்பின் உயரத்தை மாற்றுங்கள். இதை யாரும் சொல்லித் தராதது எனக்குப் பெரிய வருத்தம். கடைசி ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிக்கப்பின் காந்த முனையிலிருந்து ஸ்ட்ரிங்கின் அடிப்பகுதி வரை ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். சாதாரண ஸ்ட்ராட் பிக்கப்புக்குத் தடித்த ஸ்ட்ரிங் பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 1.6 மில்லிமீட்டர் நல்ல தொடக்கம். கடையில் வாங்கி வந்த நிறைய கிதார்களில் பிக்கப் ஸ்ட்ரிங்கை ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்போது காந்தம் ஸ்ட்ரிங்கை இழுக்கும். தடித்த ஸ்ட்ரிங்கில் 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே வாசித்தால் ஒரே சுரம் இரண்டாகப் பிரிந்து அலைவது போல் கேட்கும். ‘கிதார் சுதி நிற்கவில்லை’ என்று புதுசு தேடுகிறவர்களில் சிலருக்கு நோய் இதுதான். ஸ்க்ரூடிரைவரால் அரைச் சுற்று இறக்கி, வாசித்து, மறுபடி அரைச் சுற்று. திடீரென்று அலைச்சல் நின்று ஒலி தெளியும், அங்கே நிறுத்திவிடுங்கள்.

ஸ்ட்ரிங், மீட்டும் பிக்?

இரண்டும் மலிவு, இரண்டும் நன்றாகவே மாற்றும். கடலோர ஊர்களில் வியர்வையும் ஈரக்காற்றும் சேர்ந்து ஸ்ட்ரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும், உச்ச ஒலி முதலில் போகும். பிக்கில் 0.7 மில்லிமீட்டரிலிருந்து 1.5க்குப் போனால் மீட்டலின் முனை உருண்டு கனக்கும். நாலைந்து விதம் வாங்கி வைத்துப் பாருங்கள்.

விலை உயர்ந்த கேபிள் வாங்கலாமா?

நன்றாக உழைக்கும் கேபிள் வாங்குங்கள், அது போதும். டோனைத் தொடுவது நீளமும் மின்தேக்குமே தவிர தங்கமுலாம் இல்லை. மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் என்பது சாதாரணம். 3 மீட்டருக்குப் பதில் 9 மீட்டர் போட்டால் மேலே சொன்ன மேடு கீழே இறங்கும். நீளம் கட்டாயம் தேவை என்றால் கிதாருக்குப் பக்கத்தில் நீளக் கேபிளிலும் உச்ச ஒலி மழுங்காமல் காக்கும் ஒரு பஃபர் பெடல் வைத்தால் விஷயம் முடிந்தது. அப்புறம், நீளக் கேபிளின் மழுக்கமே இனிமையாக இருக்கும் சமயங்களும் உண்டு. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் சுருள் கேபிளில்தான் வாசித்தார்.

ஆம்பும் ஸ்பீக்கரும் எவ்வளவு முக்கியம்?

எல்லாவற்றையும் விட முக்கியம். கிதாரில் செலவழிக்க வைத்திருக்கும் பணத்தில் பெரும்பங்கை இங்கே திருப்பினால் காது உடனே ஒத்துக்கொள்ளும்.

கிதார் ஸ்பீக்கர் வீட்டில் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் போன்றது கிடையாது. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ஒலி செங்குத்தாக விழுந்துவிடும், 2,000-லிருந்து 4,000 வரை தூக்கலாக இருக்கும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலைக் கிதார் ஸ்பீக்கர் இல்லாமல் நேரே மிக்ஸரில் செருகிக் கேட்டால் கலைத்துவிட்ட தேனீக் கூடு போல இரையும். அந்த இரைச்சலைப் பாட்டாக மாற்றித் தருவது ஸ்பீக்கர்.

இதற்கு மார்ஷல் ஆம்பின் பிறப்பே சாட்சி. 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலும் அவர் கடையைச் சேர்ந்தவர்களும் ஜேடிஎம்45 ஆம்பைச் செய்தபோது, ஃபென்டரின் பேஸ்மேன் ஆம்பின் மின்சுற்றை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பேஸ்மேனில் முதுகு திறந்த பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர் நான்கு. மார்ஷல் போட்டது முதுகு மூடிய பெட்டியில் 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர் நான்கு. சில வால்வுகளும் உள்ளூரில் கிடைத்தவையாக மாறின. மின்சுற்று உறவு, ஒலியோ வேறு கண்டம். ராக் இசையின் பாதி அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது என்று தைரியமாகச் சொல்வேன்.

வாட் கணக்கைக் கண்டு மயங்க வேண்டாம். 10 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இடையே 10 டெசிபெல்தான், காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடுக்குமாடி வீட்டில் 100 வாட் ட்யூப் (வால்வு) ஆம்பை வாங்கி வைத்து, வால்யூமை 1க்கு மேலே ஏற்ற முடியாமல் இருப்பதில் என்ன சுகம்?

ட்யூப் ஆம்ப் இல்லாமல் நல்ல டோன் வராதா? டிஜிட்டல் போலி என்கிறார்களே?

வரும். ஒரு காலத்தில் அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது, இன்று இல்லை. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நிஜமான ஆம்பைப் பதிவு செய்து கற்றுக்கொண்ட மாதிரிகளை அதில் ஏற்றி வாசிக்கலாம். கணினியும், கிதாரை அதில் இணைக்க ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸும் நல்ல ஹெட்போனும் போதும். மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது கால்சட்டை அதிர்கிற அந்த உணர்வு ஹெட்போனில் கிடைக்காது, அது உண்மை. பதிவில் கேட்பவருக்கு அது தெரியாது.

பழைய ட்யூப் ஸ்க்ரீமர், க்ளோன் பெடல்களுக்கு ஏன் இவ்வளவு விலை? புதியது அதே ஒலி தராதா?

ட்யூப் ஸ்க்ரீமரான ஐபனேஸ் டிஎஸ்808 1979இல் வந்தது. உள்ளே ஜேஆர்சி4558 என்ற சாதாரண சிப். பழைய சிப்புக்கு மந்திரம் கட்டிவிட்டார்கள். அந்தப் பெடலின் குணம் சிப்பில் இல்லை, அதைச் சுற்றியுள்ள சுற்றில் இருக்கிறது: சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைத்துவிட்டு மற்றதை நசுக்குகிறது. அதனால்தான் பேஸும் டிரம்ஸும் முழங்கும்போதும் சோலோ மேலே எழுந்து கேட்கிறது. பின்னால் வந்த டிஎஸ்9-க்கும் 808-க்கும் பிரதான வேறுபாடு வெளியீட்டுப் பக்கத்தில் இரண்டு ரெசிஸ்டர்கள்.

க்ளோன் சென்டாரை பில் ஃபின்னகன் 1994 முதல் கையால் செய்து விற்றார். சுற்று தெரியக் கூடாது என்று எப்பாக்ஸி ஊற்றி மூடினார். கொஞ்சம் பேர் கையில் மட்டும் இருந்ததால் இன்று ஆயிரக்கணக்கான டாலர். பின்னாளில் அவரே கேடிஆர் என்ற புதிய வடிவத்தைக் கொண்டுவந்தபோது, இந்தப் பரபரப்பை நான் உண்டாக்கவில்லை என்ற பொருளில் அதன் மேலேயே அச்சடித்தார். செய்தவரே சொன்ன பிறகு நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? நல்ல நகல்கள் நிறைய கிடைக்கின்றன. சேகரிக்க ஆசை என்றால் அது தனி, அதற்கு டோனைக் காரணம் காட்ட வேண்டியதில்லை.

வீடியோவில் இரண்டு சாமானை ஒப்பிட்டுக் கேட்டு முடிவு செய்யலாமா?

ஒலியளவு சமமாக இருந்தால் ஓரளவு செய்யலாம். 1933இலேயே பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியது இது: ஒலியளவு மாறினால் அடி, உச்ச ஒலிகளை நம் காது உணரும் விதமும் மாறும். கொஞ்சம் சத்தமாக இருப்பது ‘முழுசாக, உயிரோடு’ இருப்பதாகத் தோன்றும். பெடலை அழுத்தியதும் டோன் நன்றாகிவிட்டது என்றால், முதலில் அதன் வால்யூமைக் குறைத்துப் பெடல் இல்லாத அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகும் பிடித்தால் வாங்குங்கள். கடையில் ஒரு பெடலைச் சோதிக்கும்போது நான் தொடுகிற முதல் திருகு இதுதான்.

இன்னொன்று: நண்பர் வாசிக்க, நீங்கள் திரும்பி நின்று கேளுங்கள். எந்தக் கிதார் என்று தெரியாதபோது காது நேர்மையாக இருக்கும்.

‘டோன் விரலில்தான் இருக்கிறது’ என்பது உண்மையா?

பாதி உண்மை. விரல் சுத்தமான டோனை டிஸ்டார்ஷனாக மாற்றாது. ஆனால் மீட்டும் இடம், அழுத்தம், வைப்ராட்டோவின் வேகம், தேவையில்லாத ஸ்ட்ரிங்கை உள்ளங்கையால் அடக்குவது, இவை யாருடைய ஆம்பில் வாசித்தாலும் கூடவே வரும். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மீட்டினால் கூர்மை, கழுத்துக்குப் பக்கத்தில் மீட்டினால் குழைவு. உள்ளங்கை அகல நகர்வு ஒரு பிக்கப் மாற்றும் செலவுக்குச் சமமான வேறுபாட்டைத் தரும்.

மாண்டலின் ஸ்ரீநிவாஸைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கிய எலெக்ட்ரிக் மாண்டலினில் கமகம் முழுக்க வந்தது. கருவியைத் தன் சங்கீதத்துக்கு வேண்டியபடி மாற்றிக்கொண்டார், மீதியை விரல் செய்தது. கிதார் பிரசன்னாவும் எலெக்ட்ரிக் கிதாரில் கர்நாடக இசையை அதே விதமாக, ஸ்ட்ரிங்கை வளைத்தும் வழுக்கியும் கொண்டுவருகிறார். சாமானும் கையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. என்ன வாசிக்கப் போகிறோம் என்று தெரிந்தால் எது வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

வீட்டில் ஆம்பைப் போட்டாலே ‘ம்ம்ம்’ என்று இரைகிறது. கிதார் மோசமா?

பெரும்பாலும் இல்லை. ஒற்றைச் சுருள் பிக்கப் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையும் அதன் மடங்குகளையும் பிடிக்கும். டிரான்ஸ்ஃபார்மர், மங்கல் சுவிட்ச், மலிவான எல்இடி விளக்கு இவற்றிலிருந்து தள்ளி உட்கார்ந்து, கிதாரைத் திருப்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் குறையும். ஸ்ட்ரிங்கைத் தொட்டால் இரைச்சல் குறைவது இயல்பு. தொடும்போதோ மைக்கில் உதடு படும்போதோ சுரீர் என்றால் அது ஆபத்து. உடனே நிறுத்திவிட்டு எர்த் இணைப்பை எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினரிடம் ஆம்ப் வாங்கி வரச் சொல்லலாமா?

அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேரே செருகினால் ஆம்ப் புகைந்துவிடும். பின்பக்கம் இரண்டு வோல்ட்டுக்கும் மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் சரியான வாட் அளவுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதன் எடையும் விலையும் சேர்த்துத்தான் கணக்கு. கிதாரும் பெடலும் என்றால் இந்தத் தொல்லை இல்லை. பெடலின் அடாப்டரை மட்டும் இங்கே வாங்கிக்கொள்ளலாம்.

சரி, கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. எந்த வரிசையில் செலவழிக்க?

முதலில் புது ஸ்ட்ரிங்கும் நல்ல செட்டப்பும்: கழுத்தின் வளைவு, ஸ்ட்ரிங் உயரம், இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுதி சரியாக இருப்பது), பிக்கப் உயரம். அடுத்தது ஸ்பீக்கர் அல்லது ஆம்ப், அல்லது மாடலர். அப்புறம் நீங்கள் வாசிக்கும் இசைக்குத் தேவையான ஒரே ஒரு பெடல். அதற்குப் பிறகுதான் பிக்கப். புதுக் கிதார் என்றால், உங்களிடம் இல்லாத வகையாக இருக்கட்டும். ஹம்பக்கர் கிதார் இருக்கிறவர் இன்னொரு ஹம்பக்கர் கிதார் வாங்குவதை விட ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள ஒரு டெலிகாஸ்டர் வாங்கினால் புது ஒலி ஒன்று வீட்டுக்கு வரும்.

இருக்கும் கிதாரை விற்றுவிட்டு வாங்கலாமா?

விற்பதற்கு முன் ஒரு சாயங்காலம் அதற்குப் புது ஸ்ட்ரிங் போட்டு, செட்டப் செய்து, நல்ல ஆம்ப் இருக்கும் ஒத்திகை அறைக்குக் கொண்டுபோய் வாசியுங்கள். அங்கேயும் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் விற்கலாம். வாங்கப்போவது பழைய கிதார் என்றால் கூடவே இதையும் பாருங்கள்: எல்லா ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்து எங்காவது ஒலி சாகிறதா, உரசுகிறதா, கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியான ட்ரஸ் ராடு இரு பக்கமும் திரும்புகிறதா, ஃப்ரெட் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறதா. ஃப்ரெட் மாற்றும் கூலி சில மலிவு கிதார்களின் விலையையே தொட்டுவிடும்.